விண்ட்சர்ஃபிங் பழக வழி தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லாருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 15 வயது. துறைமுகத்தில் ஆப்டிமிஸ்ட் (சிறுவர்களுக்கான சின்னப் பாய்மரப் படகு) ஓட்டிப் பழகியவள். அதன் வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்து, பாய் கட்டிய பலகையில் நின்று காற்றில் ஓட்டும் விண்ட்சர்ஃபிங்தான், அதுவும் ஒலிம்பிக் வரை, என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் (பலகையில் இரண்டு காலும் வேண்டுமே என்றேன், முறைத்தாள்).

நான் படித்த வரையில், பாரிஸ் 2024இலிருந்து ஒலிம்பிக்கில் ஐக்யூஃபாயில் என்ற பலகை வகைதான். பழைய ஆர்எஸ்எக்ஸ் டோக்கியோவோடு போய்விட்டது. பலகைக்கு அடியில் இறக்கை மாதிரி ஒரு ஃபாயில் இருக்கும். வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும். பாரிஸில் பெண்களுக்குப் பாய் 8 சதுர மீட்டர், ஆண்களுக்கு 9. அங்கே பெண்கள் பிரிவில் இடம் மொத்தமே 24, நாட்டுக்கு ஒருவர்தான். தகுதிப் போட்டியில் கிடைக்கும் இடம் நாட்டுக்குத்தான் சொந்தம், ஓட்டியவருக்கு இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தி. யாரை அனுப்புவது என்பதை நாடுதான் முடிவு செய்யுமாம்.

நம்ம ஊர் நேத்ரா குமணன் 2021இல் ஓமானில் டோக்கியோவுக்குத் தகுதி பெற்றது லேசர் ரேடியல் என்ற, ஒருவர் ஓட்டும் பாய்மரப் படகில். அந்தப் பாதை ஓரளவு தெரிகிறது, பலகைப் பாதைதான் புரியவில்லை.

நேராக ஃபாயிலில் ஏற்றலாமா, சாதாரணப் பலகையில் ஒரு வருடம் பழக்கிய பிறகா? ராமேஸ்வரம் பக்கம் காற்று நன்றாக இருக்கும் என்கிறார்கள், அங்கே ஃபாயில் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டா? பழைய செட் விற்பவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். புதுசு வாங்கும் நிலையில் நான் இல்லை.