உணவு, மருத்துவ, பண உதவிக்கு ஒரே விண்ணப்பம் போதுமா?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் அக்கா வேலையை இழந்துவிட்டார். ஸ்நாப் உணவு உதவி, மெடிக்கெய்டு, டேனிஃப் பண உதவி ஆகியவற்றுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டுமா? வருமானச் சான்றுகள் கிடைக்கும்வரை காத்திருக்கலாமா?

மறுமொழி 1: காத்திருக்க வேண்டாம். பெயர், முகவரி, கையொப்பம் இருந்தாலே ஸ்நாப் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்வார்கள். தகுதி உறுதியானால் விண்ணப்பித்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்படும் என்பதால், சான்றுகளைப் பின்னர் அளிப்பதே ஆதாயம். பல மாநிலங்களில் மூன்றுக்கும் ஒரே படிவம்தான்.

மறுமொழி 2: ஸ்நாப் முடிவு 30 நாட்களில் வர வேண்டும், மாத வருமானம் 150 டாலருக்குக் குறைவாகவும் கையிருப்பு 100 டாலருக்கு மிகாமலும் இருந்தால் 7 நாட்களுக்குள் உதவி கிடைக்கும். நேர்காணலைத் தவறவிட்டால் (எனக்கு நேர்ந்தது அதுதான்) உடனே மறுதேதி கேளுங்கள். நிராகரிக்கப்பட்டால் 90 நாட்களுக்குள் மேல்விசாரணை கோரலாம்.

கேட்டவர்: நன்றி. இன்றே விண்ணப்பிக்கச் சொல்கிறேன்.