காட்பாடியில் பின்வாசல் படி: பேவர் பிளாக்கைக் காங்கிரீட்ல ஒட்டுறதா, மணல் மேல அடுக்குறதா?

மலையடிவாரம்:
வணக்கம். காட்பாடியில மலை ஓரமா வீடு. பின்வாசல் தரையில இருந்து தோட்டத்து மண் 30 அங்குலம் கீழ இருக்கு. அங்க 12க்கு 10 அடியில செங்கல் தளம் போடப்போறேன், அப்பா அம்மா சாயங்காலம் காத்தாட உட்கார. இறங்குறதுக்கு பேவர் பிளாக் படி. பார்க்க வந்த மேஸ்திரிங்க ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொல்றாங்க. ஒருத்தர், "காங்கிரீட்ல படி அடிச்சு, மேல கலவை வச்சு பிளாக்கை ஒட்டிடலாம்"னு சொல்றார். இன்னொருத்தர், "ஜல்லி கொட்டி இடிச்சு, மணல் பரப்பி அடுக்குனா போதும், சிமென்ட்டே வேணாம்"னு சொல்றார். அப்பாவுக்கு முட்டி வலி. படி ஒரு நூல்கூட ஆடக்கூடாது. எது நிக்கும்?

கடக்கால்:
காங்கிரீட்தான், யோசிக்கவே வேணாம். தரையில ஒரு பிளாக்கைச் சுத்தி நாலு பக்கமும் பிளாக் இருக்கு, ஒண்ணை ஒண்ணு நெருக்கிப் பிடிச்சுக்கும். படியில முன்வரிசைக்கு முன்னாடி பிடிச்சுக்க எதுவுமே கிடையாது. ஆனா இறங்குற ஆள் முழு எடையையும் அந்த முன்விளிம்புலதான் வைக்கிறார். அடியில மணல் இருந்தா பிளாக் முன்னால சாயும், பின்பக்கம் தூக்கும், அந்த இடுக்கு வழியா மணல் ஒழுக ஆரம்பிக்கும். முட்டி வலிக்காரர் இறங்குற படியில இது நடக்கவே கூடாது.

மணல்மேடு:
ஒட்டின படியை ரெண்டு மூணு கோடை தாண்டினப்புறம் தட்டிப் பாருங்க சார். பாதி பிளாக் உள்ள காலியா "டொக்கு"னு கேக்கும். வேலூர்ல மே மாசம் 42, 43 டிகிரி அடிக்குது. பகல் பூரா காய்ஞ்ச பிளாக் மேல சாயங்காலம் திடீர்னு இடிமழை கொட்டும். மேல இருக்குற பிளாக் விரியுற, சுருங்குற அளவு வேற, நிழல்ல இருக்குற அடிக்காங்கிரீட்டோட அளவு வேற. நடுவுல மாட்டுற கலவைதான் விட்டுக்கொடுக்கும். அப்புறம் இடுக்குல இறங்குன தண்ணி காங்கிரீட் மேலயே தேங்கி, வெள்ளையா உப்புப் பூத்து வெளிய வரும்.

மணல் மேல போட்டா தண்ணி தங்காது. ஒரு பிளாக் இறங்கிட்டா அதை மட்டும் நெம்பி எடுத்து, ரெண்டு கை மணல் போட்டு மறுபடி வைக்கலாம். முன்விளிம்புக்குக் கருங்கல் பட்டியோ கடப்பா கல்லோ நிக்க வச்சுப் பதிச்சா மணல் எங்க ஒழுகும்?

கடக்கால்:
கடப்பா கல் ஒன்றரை அங்குலக் கனம். அதை நிக்க வச்சா, பின்னால இருக்குற ஜல்லியும் மணலும் தள்ளுற தள்ளுக்கு ஒரு மழைக்காலத்துலயே முன்னால சாயும். சாயாம இருக்க அடியில காங்கிரீட் போட்டுப் பிடிக்கணும். அப்ப காங்கிரீட் வந்துடுச்சில்ல?

நாலு அங்குலக் காங்கிரீட், 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி), உள்ள 8 எம்.எம். கம்பி வலை. மேல 20 எம்.எம். கலவை, அதுக்கு மேல 60 எம்.எம். பிளாக். முன்வரிசை பிளாக்குக்கு மட்டும் அடியிலயும் பின்னாலயும் கலவை நிறைய வைக்கச் சொல்லுங்க. சில ஆளுங்க அஞ்சு இடத்துல உருண்டை உருண்டையா கலவை வச்சு மேல பிளாக்கை அழுத்திட்டுப் போயிடுவாங்க. மணல்மேடு சொல்ற "டொக்கு" சத்தம் அங்கதான் பிறக்குது, வெயில்ல இல்ல.

ஆரணி அக்கா:
தம்பி மலையடிவாரம், ஒட்டுறதா அடுக்குறதாங்கிறதை அப்புறம் பார்க்கலாம். அந்த 30 அங்குலம் மண் வரைக்குமா, செங்கல் தளத்து மேல்மட்டம் வரைக்குமா?

மலையடிவாரம்:
மண் வரைக்கும் அக்கா. தளம் மண்ணை விட 2 அங்குலம் மேல வரும்னு மேஸ்திரி சொன்னார். மண் வரைக்கும் இருக்குற 30ஐ வச்சுத்தான் 6 அங்குலத்துல அஞ்சு ஏத்தம் (ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவுல இருக்குற உயரம்)னு கணக்குப் போட்டு வச்சிருக்கார்.

ஆரணி அக்கா:
அங்கதான் ஆபத்து. தளம் வந்ததும் இறக்கம் 28 ஆயிடும். மேல நாலு ஏத்தம் 6 அங்குலம் போக, கடைசி ஏத்தம் 4 அங்குலத்துல நிக்கும். மேல ரெண்டு படி இறங்குனதுமே கால் ஒரு அளவுக்குப் பழகிடும். அளவு மாறுன இடத்துலதான் ஆள் விழுவாங்க, அதுவும் முட்டி வலிக்காரங்க கட்டாயம் தடுமாறுவாங்க. 28ஐ அஞ்சால வகுத்து ஒவ்வொண்ணும் 5.6 அங்குலம், அதாவது 142 எம்.எம். வைங்க. மிதிக்கிற அகலம் 13 அங்குலம். ஏத்தத்தை ரெண்டு மடங்காக்கி அகலத்தைக் கூட்டினா 24, 25 அங்குலத்துக்குள்ள வரணும். இங்க 24.2 வருது, சரியா இருக்கு.

இன்னொண்ணு, காங்கிரீட் அடிக்கும்போதே சொல்லணும். கலவையும் பிளாக்கும் சேர்ந்து 80 எம்.எம். கனம். எல்லாப் படிக்கும் அது மேல ஏறுது, கீழ இருக்குற செங்கல் தளத்துக்கு ஏறாது. அதனால முதல் படியோட காங்கிரீட், தளத்து மேல்மட்டத்துல இருந்து 62 எம்.எம்.தான் தெரியணும். பலகை கட்டுறவர் எல்லாத்தையும் 142ன்னு அடிச்சுட்டா கீழ்ப்படி எட்டே முக்கால் அங்குலம் உயர்ந்துடும், வாசல் கிட்ட மேல ஏத்தம் ரெண்டரை அங்குலமா குறைஞ்சுடும். தளத்து மட்டத்தை முதல்ல நூல் கட்டிக் குறிச்சுட்டு, அங்க இருந்து மேல ஏறுங்க. பின்கதவு வெளிப்பக்கம் திறக்குதுன்னா மேல்படியை 3 அடி அகலமா விடுங்க, ஒரு பக்கம் கைப்பிடியும் போடுங்க.

பாலாறு:
அக்கா சொன்ன கணக்கு சரி. ஆனா கடக்கால், மணல்மேடு ரெண்டு பேரும் மேல இருக்குற மூணு அங்குலத்துக்குச் சண்டை போடுறீங்க. படி உட்காரப் போற மண் எப்படிப்பட்டது? வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுன மண்ணைத் திரும்பச் சுவர் ஓரத்துலயே தள்ளியிருப்பாங்க. அது ரெண்டு மூணு மழைக்காலம் இறங்கிட்டே இருக்கும். படி சரியா அதுக்கு மேலதான் வருது. 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் போன அந்த மழைக்கு அப்புறம், எங்க தெருவுல புதுசா கட்டுன வீட்டுப் படிங்க வீட்டுப் பக்கமா சாஞ்சு நின்னுச்சு. காங்கிரீட் படி உடையாம அப்படியே மொத்தமா சாஞ்சிருந்தது. மழைத்தண்ணி எல்லாம் படி வழியா ஓடி சுவர் அடியில போய்ச் சேருது.

கடப்பாரையை நேரா நிறுத்திக் குத்திப் பாருங்க. முக்கால் அடி, ஒரு அடி சுலபமா இறங்குனா அது கொட்டுன மண். கெட்டி மண் வர்ற வரைக்கும் தோண்டி எடுத்துடணும். அப்புறம் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து, தண்ணி தெளிச்சு, 4 அங்குலம் போட்டு இடிச்சு, அது மேல அடுத்த 4 அங்குலம். மொத்தத்தையும் ஒரே நாள்ல கொட்டி மேலாப்ல மெஷின் ஓட்டுனா அடிவரைக்கும் இறுகாது.

மலையடிவாரம்:
வீடு கட்டி ரெண்டு வருஷம் ஆகுது. இன்னைக்குக் கடப்பாரை போட்டுப் பார்த்தேன். சுவர் ஓரம் ஒன்றேகால் அடி சர்ருனு இறங்குச்சு. நாலு அடி தள்ளிக் குத்துனா ரெண்டு அங்குலத்துலயே மொரம்புல தட்டி நிக்குது.

கடக்கால்:
அப்ப பாலாறு சொன்னதுதான் முதல் வேலை. ஏத்துக்கிறேன். அதோட படியை வீட்டுச் சுவரோட சேர்த்துக் கட்டாதீங்க. நடுவுல அரை அங்குலம் தெர்மாகோல் ஷீட் விட்டு, மேல ரப்பர் மாதிரி வளையுற சீலன்ட் அடைங்க. வீடு ஒரு அளவு இறங்கும், படி ஒரு அளவு இறங்கும். சேர்த்துக் கட்டுனா விரிசல் சுவர்ல ஏறும்.

மணல்மேடு:
இறங்கும்னு நீங்களே சொல்றீங்க. இறங்குற இடத்துல வளைஞ்சு கொடுக்குற படியா, மொத்தமா சாயுற படியா?

கடக்கால்:
கெட்டி மண் வரைக்கும் தோண்டினப்புறம் இறக்கம் ஒரு நூல், ரெண்டு நூல்தான் (ஒரு நூல்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு). அதுக்கு மணல் படி அஞ்சு இடத்துல அஞ்சு விதமா ஆடும், காங்கிரீட் படி ஒரே துண்டா நிக்கும். இறங்குற ஆளுக்கு எது பத்திரம்?

செங்கல் தளத்துக்கு மட்டும் மணல்தான் சரின்னு நானும் சொல்றேன். அங்க காங்கிரீட் வேண்டாம். 4 அங்குலம் இடிச்ச ஜல்லி, ஒரு அங்குலம் எம்-சாண்ட் (கல்லை உடைச்சுச் செய்யுற மணல்), அது மேல செங்கல், சுத்தி நாலு ஓரமும் கலவையில பதிச்ச ஒரு வரிசை. வீட்டை விட்டு வெளிப்பக்கமா 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம். ஆனா கீழ்ப்படி அந்தச் செங்கல் மேல உட்காரக்கூடாது. படிக்குத் தனி அடித்தளம், தளம் அதை வந்து முட்டணும்.

மணல்மேடு:
அந்த ஒரு அங்குல மணலை மேடு பள்ளம் நிரப்பப் பயன்படுத்த விடாதீங்க. மேடு பள்ளத்தை ஜல்லியிலயே சரி பண்ணணும். மணல் ஒரு இடத்துல 3 அங்குலம், ஒரு இடத்துல அரை அங்குலம்னு இருந்தா, கனமா இருந்த இடத்துல குழி விழும். கிரஷர் தூளையும் மணலுக்குப் பதிலா பரப்பாதீங்க. ஜல்லியோட கலந்து இடிக்க அது நல்லது, செங்கல் அடியில மட்டும் நைசா இருந்து தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும்.

ஆரணி அக்கா:
செங்கல்லைப் பார்த்து வாங்குங்க. சுவருக்குப் போனா பூச்சு காப்பாத்தும், தளத்துல மேல வெயிலு, கீழ ஈரம், காப்பாத்த ஆள் இல்ல. ரெண்டு கல்லை ஒண்ணோட ஒண்ணு தட்டுனா கணீர்னு கேக்கணும், நகத்தால கீறுனா கோடு விழக்கூடாது. காய்ஞ்ச கல்லை எடை போட்டு, ஒரு நாள் பூரா தண்ணியில போட்டு மறுபடி எடை போடுங்க. செங்கல்லுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1077 கணக்குப்படி சாதாரணக் கல் எடையில 20 சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்கக்கூடாது. 3 கிலோ கல்லுன்னா 600 கிராம். தளத்துக்கு அதுலயும் குறைவா குடிக்கிற கல்லாத் தேடுங்க. சூளையில நடுவுல வெந்த கல் வேணும்னு கேளுங்க, ஓரத்துல வேகாம கிடந்த மஞ்சக் கல் மிதிபட மிதிபடத் தூளாப் போயிடும்.

மலையடிவாரம்:
எல்லாருக்கும் நன்றி. சுவர் ஓரத்து மண்ணை எடுக்க ஆள் சொல்லிட்டேன். படி காங்கிரீட், தளம் மணல், ஏத்தம் 142. பிளாக் 60 எம்.எம்., எம்-35 தரம் (பிளாக்கோட உறுதி அளவு)னு கடையில எழுதி வாங்கப்போறேன்.

மணல்மேடு:
காங்கிரீட்டே போடுங்க, ஆனா தண்ணிக்கு வழி விடுங்க தம்பி. ஒவ்வொரு படியும் அடிக்குக் கால் அங்குலம் முன்னால வாட்டமா இருக்கட்டும். காங்கிரீட்லயே அந்த வாட்டம் வரணும், கலவையில கொண்டுவரக்கூடாது. ஒவ்வொரு படியோட முன்முகத்துலயும், பிளாக் அடிமட்டத்துல, ரெண்டு அடிக்கு ஒண்ணுன்னு சின்னக் குழாய்த் துண்டு வச்சு வெளிய விடுங்க. முன்வரிசை தவிர மத்த பிளாக் இடுக்குல சிமென்ட் பால் ஊத்தாதீங்க, நைஸ் மணல் போதும்.

கடக்கால்:
குழாய், வாட்டம் ரெண்டுக்கும் சரி. இடுக்குல மணல் எனக்குச் சம்மதமில்ல. தளத்துல மணல் நிக்கும், படியில ஒவ்வொரு மழைக்கும் கழுவிட்டுப் போகும், எறும்பும் புல்லும் வரும். 1:3 கலவையை (சிமென்ட் ஒண்ணு, மணல் மூணு) உலர்வா நிரப்பி அடைச்சு, ஈரச்சாக்கு போட்டு ஏழு நாள் தண்ணி காட்டுங்க.

மணல்மேடு:
வருஷம் ஒரு தடவை, ஐப்பசி மழை முடிஞ்சதும் ஒரு சட்டி மணலைத் தள்ளி நிரப்புறது பெரிய வேலை இல்ல. அடைச்ச கலவை முதல் கோடையில முடி மாதிரி விரிசல் விடும், அந்த விரிசல்ல இறங்குற தண்ணி வெளிய வர வழி தெரியாம உள்ளயே நிக்கும். தம்பி, மேல ரெண்டு படி ஒரு விதம், கீழ ரெண்டு படி ஒரு விதம் பண்ணிப் பாருங்க. அடுத்த மழைக்கு அப்புறம் படத்தோட இங்க போடுங்க.

மலையடிவாரம்:
அப்படியே பண்றேன்ணா. மேல ரெண்டுக்கு மணல், கீழ ரெண்டுக்குக் கலவை.