68 கமாரோ: பழைய 327 இருக்கட்டுமா, எல்எஸ் போடலாமா?

ஒஹாயோ_கமாரோ:
நார்வுட் ஆலையில் செய்த 1968 செவ்ரோலே கமாரோ கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். 327 கன அங்குல எஞ்சின், இரண்டே கியர் உள்ள பவர்கிளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். காலையில் ஸ்டார்ட் செய்தால் கராஜ் முழுக்கப் பெட்ரோல் வாடை. மனைவி சமையலறைக் கதவைச் சாத்திவிடுகிறாள். எஞ்சினை இறக்கிவிட்டு எல்எஸ் (அதே கம்பெனியின் பிற்கால எட்டு சிலிண்டர் எஞ்சின்) ஏற்றினால் நாளைக்கு விலை போகுமா?

நம்பர்_பைத்தியம்:
வேண்டாம். வண்டியோடு வந்த எஞ்சின் போனால் போனதுதான். 1969இல் அலுமினிய 427 வைத்து வந்த இசட்எல்1 கமாரோ மொத்தமே 69 வண்டிகள்தான். அந்த எஞ்சினை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் தகரம்.

எட்டுசிலிண்டர்:
அவர் வைத்திருப்பது இசட்எல்1 இல்லையே அண்ணா! 68இல் கமாரோ 2,35,000க்கு மேல் செய்தார்கள். 1997 கார்வெட்டில் வந்த எல்எஸ்1 இஞ்செக்‌ஷன் எஞ்சின், குளிரிலும் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். இருபது வருஷம் கழித்து வாங்குகிறவனுக்குக் கார்புரேட்டர் திருகத் தெரியுமா?

நம்பர்_பைத்தியம்:
தெரியாதவன் தெரிந்தவனிடம் கொடுப்பான். உங்கள் எல்எஸ் கம்ப்யூட்டர் அப்போது கெட்டுப்போனால் யாரிடம் கொடுப்பீர்கள்? அது கிடக்கட்டும், முதலில் எஞ்சின் வண்டியோடு வந்ததுதானா என்று நம்பரைப் பாருங்கள். பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் (எஞ்சினின் உடல்) சின்னத் தட்டையான இடம் இருக்கும். பிசுக்கைத் துடைத்தால் வின் எண்ணின் (வண்டியின் அடையாள எண்) கடைசி ஆறு இலக்கங்கள் தெரிய வேண்டும்.

ஒஹாயோ_கமாரோ:
துடைத்தேன். வழவழவென்று இருக்கிறது, ஒன்றுமே இல்லை.

எட்டுசிலிண்டர்:
யாரோ மெஷின் ஷாப்பில் சீவியிருக்கிறார்கள். கதை முடிந்தது, மாற்றுங்கள்.

நம்பர்_பைத்தியம்:
அவசரப்படாதீர்கள். சீவினாலும் அதே எஞ்சினாக இருக்கலாம். பிளாக்கின் பின் விளிம்பில் வார்த்த தேதி புடைப்பாக இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, தேதி, வருஷத்தின் கடைசி எண். ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் உள்ள தடுப்பு) இருக்கும் தகட்டில் வண்டி கட்டிய வாரம் இருக்கும். எஞ்சின் அதற்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

ஒஹாயோ_கமாரோ:
டார்ச் அடித்துப் பார்த்தேன். தகட்டில் 04பி, ஏப்ரல் இரண்டாம் வாரம்தானே? பிளாக்கில் எஃப் 10 8.

நம்பர்_பைத்தியம்:
எஃப் என்றால் ஜூன். வண்டி ஓட ஆரம்பித்து இரண்டு மாசம் கழித்துத்தான் இந்த பிளாக்கையே வார்த்திருக்கிறார்கள். சரி, உங்கள் இஷ்டம். ஆனால் பழையதை விற்காமல் ஸ்டாண்டில் ஏற்றி மூலையில் வையுங்கள். ஃபயர்வாலில் புது ஓட்டை மட்டும் போடாதீர்கள்.

எட்டுசிலிண்டர்:
ஓட்டை போடாமல் வயரிங்கை எந்த வழியாக இழுப்பது, ஜன்னல் வழியாகவா?