முதுநிலை மாணவர்கள் வார்டில் பாடம் நடத்துகிறார்கள். பாடம் நடத்த அவர்களுக்கு யார் கற்றுத் தருவது?

வெண்ணாற்றங்கரை (கேள்வி)

காவிரிப் படுகையில் உள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத் துறை உதவிப் பேராசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் யூனிட்டில் இளநிலை மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் (படிப்பின் இறுதியில் மருத்துவமனைப் பயிற்சியில் இருப்பவர்கள்) நோயாளியின் படுக்கையருகே நடக்கும் வகுப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இன்று முதுநிலை மாணவர்களே எடுக்கிறார்கள். நாங்கள் ஓ.பி.யிலோ, நீதிமன்றச் சாட்சியத்திலோ, ஆய்வுக்கு வரும் குழுவுக்கான கோப்புகளிலோ சிக்கியிருக்கும் காலை நேரத்தில், இருபது மாணவர்களை ஒரு கட்டிலைச் சுற்றி நிறுத்திச் சமாளிப்பவர்கள் அவர்கள்தாம். மருத்துவப் பணியாளர்களுக்குக் கற்பிக்கும் அடிப்படைத் திறன் முதுநிலைப் படிப்பின் இலக்குகளில் ஒன்று என்று விதிமுறையிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் ஆசிரியர்களாகிய எங்களுக்கு மருத்துவக் கல்விப் பிரிவின் பயிற்சி வகுப்பாவது இருக்கிறது. அவர்களுக்கு எங்கள் கல்லூரியில் அதுவும் இல்லை.

இதை ஏன் இப்போது கேட்கிறேன் என்றால், சென்ற நடவுக் காலத்தில் நடந்த ஒன்று மனத்தை விட்டு அகலவில்லை. வயலில் பாம்பு கடித்து வந்த ஒரு பெண்மணிக்கு இருபது நிமிட இரத்த உறைதல் சோதனை செய்ய வேண்டியிருந்தது. இரத்தம் உறையாவிட்டால் விஷம் இரத்தத்தைப் பாதித்திருக்கிறது என்று கொள்வோம். எங்கள் இரண்டாமாண்டு முதுநிலை மாணவர் அதற்கு முந்தைய வாரம்தான் ஆறு ஹவுஸ் சர்ஜன்களுக்கு அந்தச் சோதனையை விளக்கியிருந்தார். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதை நானும் கேட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அன்று இரவுப் பணியில் இருந்த ஹவுஸ் சர்ஜன் அதே சோதனையைச் செய்து, இரத்தம் உறையவில்லை என்று தெரிவித்தார். மூத்தவர் ஒருவர் வேறு குழாயில் மறுபடி செய்து பார்த்தபோது இரத்தம் உறைந்திருந்தது. முதல் குழாய் சோப்புத்தூள் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பழைய குழாய். சோப்பின் படிவு இருந்தால் கண்ணாடியின் மேற்பரப்பு உறைதலைத் தூண்டாது. ‘சுத்தமான குழாய்’ என்ற சொல்லை அந்த ஹவுஸ் சர்ஜன் ‘நன்றாகக் கழுவிய குழாய்’ என்று புரிந்துகொண்டிருக்கிறார். விசாரித்தபோது எங்கள் முதுநிலை மாணவர், “நான் சொன்னேனே சார்” என்றார். சொன்னார்தான்.

நிதி இல்லை, தனியாக ஒதுக்க ஆளும் இல்லை. இந்நிலையில் இவர்களை நல்ல ஆசிரியர்களாக வளர்க்க ஒரு யூனிட் அளவில் என்ன செய்யலாம்? தங்கள் கல்லூரிகளில் செய்து பார்த்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கும்பகோணம் பெரியவர்

அன்புத் தம்பிக்கு, பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகளாகிவிட்டன. ஆனாலும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பயிலரங்கம் வைக்காதீர்கள். வைத்தால் கூட்ட அரங்கில் குளிரூட்டி ஓடும், பதினொரு மணிக்கு வடையும் காபியும் வரும், மாலையில் சான்றிதழ் தருவார்கள், மறுநாள் வார்டில் எதுவும் மாறியிருக்காது. நானே அப்படிப் பல நடத்தியிருக்கிறேன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

நான் முதுநிலை மாணவனாக இருந்தபோது எங்கள் சீஃப், வாரத்தில் ஒருநாள் நான் எடுக்கும் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்துகொள்வார். வாய் திறக்க மாட்டார். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது, “இன்றைக்கு அவர்கள் எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தாய்?” என்று மட்டும் கேட்பார். முதல் நாள் எனக்குப் பதில் தெரியவில்லை. ஏனென்றால் நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டியிருந்தேன். எனக்குக் கிடைத்த ஆசிரியப் பயிற்சி பெரும்பாலும் அந்தப் படிக்கட்டில் கிடைத்ததுதான்.

முறை என்று ஒன்று வேண்டுமென்றால், 1992இல் அமெரிக்காவில் குடும்ப மருத்துவப் பயிற்சியாளர்கள் சிலர் எழுதிய ‘ஒன் மினிட் பிரிசெப்டார்’ என்ற முறையைக் கற்றுக்கொடுங்கள். அதில் ஐந்தே படிகள். ஹவுஸ் சர்ஜன் ஒருவர் எட்டு நாள் காய்ச்சலோடு வந்தவரைப் பற்றிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் முதுநிலை மாணவரின் கை பரபரக்கும், உடனே, “ஸ்கிரப் டைஃபஸ் (சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல்) பார்த்தாயா?” என்று விடையைப் போட்டு உடைத்துவிடுவார். மாறாக, “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டு, எதிரில் நிற்பவரை ஒரு முடிவுக்கு வரச் செய்ய வேண்டும். அடுத்து, “எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?” என்று காரணத்தைக் கேட்க வேண்டும். பிறகு பொதுவான ஒரு விதியை மட்டும் சொல்ல வேண்டும்: ஸ்கிரப் டைஃபஸில் கருகிய புண் பெரும்பாலும் வலிக்காது, ஆகவே நோயாளி தானாகச் சொல்ல மாட்டார், அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ், இடுப்பில் புடவை இறுகும் இடம் என்று நாம்தான் தேட வேண்டும். அதன் பிறகு அவர் சரியாகச் செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டி, கடைசியாகப் பிழையைத் திருத்த வேண்டும். முதல் இரண்டு படிகளில் பொறுமையாக இருப்பதுதான் கடினம். மற்றவை தாமே வரும். அந்த இரவில் நடந்த குழாய்ப் பிழைகூட, “எந்தக் குழாயை எடுப்பாய், காட்டு” என்று முன்பே கேட்டிருந்தால் வகுப்பிலேயே வெளிப்பட்டிருக்கும்.

இரண்டாமாண்டு பிஜி (முதுநிலை மாணவர்)

ஐயா சொன்ன முக்காலியைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நான் படிக்கும் இடத்திலும் ஒருவர் வந்து அமர்ந்தார். பத்தாவது நிமிடத்தில், ஈரல் சுருக்க நோயில் வயிற்றில் நீர் சேர்வதற்கான காரணங்களை மாணவர்கள் முன்னிலையிலேயே என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். நான்காவது காரணத்தில் நான் தடுமாறியபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு இரண்டு மாதம் நான் அந்தத் தலைப்பையே தொடவில்லை. கவனிப்பது என்பது எங்களைப் பொறுத்தவரை எளிதில் வைவாவாக, அதாவது வாய்மொழித் தேர்வாக, மாறிவிடும். எந்த நாள் வருவார் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும், தலைப்பை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், கருத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் முக்காலியை நானே துடைத்துப் போடுவேன்.

நேரத்தைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். இரவுப் பணி முடித்து, தலைகூடச் சீவாமல் காலை எட்டு மணிக்கு வகுப்பெடுக்கிறோம். ஆய்வேட்டுக்கு வழிகாட்டி உண்டு. லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) நாங்கள் எடுத்த வகுப்புகளுக்கும் ஒரு பத்தி உண்டு. ஆனால் அந்தப் பத்தியில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வாங்குகிறோமே தவிர, அந்த வகுப்பு எப்படி இருந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நான் உண்மையில் கற்பிக்கக் கற்றுக்கொண்டது கல்லூரியில் அல்ல. மாவட்ட உறைவிடப் பயிற்சிக்காக மூன்று மாதம் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டேன். தரையில் படுத்து உறங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வந்தால், கடித்த தடமே தெரியாவிட்டாலும் கட்டு விரியனை நினைக்க வேண்டும். கண் இமை இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை அங்கிருந்த செவிலியர்களுக்கும் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கும் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. கல்லூரியில் ஆங்கிலத்தில் ஒப்பித்தபோது எனக்கே புரியாமல் இருந்த இடங்கள் எவை என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது ஹவுஸ் சர்ஜன்களுக்கும் முதலில் தமிழில் சொல்லிவிட்டுத்தான் பாடநூலின் சொற்களுக்குப் போகிறேன். சில மூத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை.

காரைக்கால் வாசி

பயிலரங்கத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. புதுச்சேரி ஜிப்மரில் 1970களிலேயே மருத்துவ ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சி மையம் தொடங்கியதால்தான் இந்தப் பகுதியில் பலருக்கு இந்த வழக்கங்களே அறிமுகமாயின. நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்குப் படிக்கட்டில் கேட்ட கேள்வியைவிடக் கையிலிருக்கும் தாள் உதவும். இரண்டும் இருக்கட்டும்.

திருவாரூர் செவிலியர்

டாக்டர்களின் விவாதத்தில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் வகுப்பு நடப்பது எங்கள் வார்டில். மண்ணீரல் வீங்கிய ஒருவர் கிடைத்துவிட்டால் போதும், வரிசையாகப் பதினைந்து பேர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள். அவரோ காலையில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்களிடம் இருந்த ஒரு பிஜி டாக்டர் மட்டும், “ஐயா, சாப்பிட்டீர்களா? இந்தப் பிள்ளைகள் நால்வர் மட்டும் தொட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டுத் திரையை இழுப்பார். மாணவர்கள் அவரிடம் மண்ணீரலைக் கற்றார்களோ இல்லையோ, அடுத்த வாரம் அவர்களும் திரையை இழுத்தார்கள். முக்காலியில் அமர்கிறவர் இதையும் பார்க்க வேண்டும்.

குழாய் விஷயத்தில் ஒன்று. செவிலியர் கல்லூரியில் ஊசி போடுவது போன்ற கைவேலைகளை நான்கு படிகளில் கற்பிக்கிறோம்: முதலில் பேசாமல் செய்து காட்டுவோம், அடுத்து விளக்கிக்கொண்டே செய்வோம், மூன்றாவது முறை மாணவி சொல்லச் சொல்ல நாங்கள் செய்வோம், கடைசியில் அவரே செய்வார். மூன்றாவது படியில்தான் பிழையெல்லாம் வெளியே வரும். அந்த ஹவுஸ் சர்ஜனை, “நீங்கள் சொல்லுங்கள், நான் செய்கிறேன்” என்று நிறுத்தியிருந்தால், குழாயை எங்கிருந்து எடுப்பது என்ற பேச்சு வந்திருக்கும். பக்கத்திலேயே நிற்கும் செவிலியரிடம் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். கழுவிய குழாயையும் புதுக் குழாயையும் எந்தத் தட்டில் வைக்கிறோம் என்பது எங்களுக்குத் தெரியாதா?

வெண்ணாற்றங்கரை

அனைவருக்கும் நன்றி. பெரியவர் ஐயாவின் முக்காலியை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி விதித்த மூன்று நிபந்தனைகளோடுதான். வியாழக்கிழமைதோறும் ஒரு முதுநிலை மாணவரின் வகுப்பில் பத்து நிமிடம் அமர்வது, முந்தைய இரவு அவருக்குப் பணி இல்லாதபடி பட்டியலை மாற்றுவது, வகுப்புக்குப் பிறகு அவர் முதலில் பேசிய பின்பு ஒரே ஒரு கருத்தை மட்டும் சொல்வது என்று யூனிட் தலைவரிடம் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டேன். பட்டியலை மாற்றுவதற்குத்தான் அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. லாக் புக்கில் அந்த ஒரு கருத்தையும் எழுதலாமா என்று கேட்டபோது, எங்கள் மாணவர்களே வேண்டாம் என்றார்கள். எழுதினால் அது மதிப்பெண்ணாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். அவர்கள் விருப்பப்படியே விட்டுவிட்டேன். சான்றிதழுக்குக் கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவிடம் விண்ணப்பித்திருக்கிறேன், கிடைத்தால் நல்லது.

முதல் வகுப்பை அன்று “நான் சொன்னேனே” என்ற அதே மாணவர்தான் எடுக்கப் போகிறார். தலைப்பையும் அவரே தேர்ந்தெடுத்தார்: இருபது நிமிடச் சோதனை, நான்கு படிகளில், வார்டு சிஸ்டரையும் உடன் வைத்துக்கொண்டு. புதுக் கண்ணாடிக் குழாய்களுக்கு ஸ்டோரில் இன்டென்ட் போட்டிருக்கிறேன். சோப்புத்தூளில் கழுவிய பழைய குழாய் ஒன்றையும் எடுத்து வைக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார்.