ஆமைத் தொட்டிக்கு எது சரி: கேனிஸ்டரா, சம்ப்பா?

நீர்ப்பூ:
ஓடு 14 செ.மீ. நீளமுள்ள சிவப்புக் காது ஆமை ஒன்று. வீட்டுக்குள் வைக்க 120 × 45 × 45 செ.மீ. கண்ணாடித் தொட்டி தயார். தண்ணீர் 35 செ.மீ. உயரம் வரை நிற்கும். ஃபில்டர் மட்டும் இன்னும் வாங்கவில்லை. வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டரான கேனிஸ்டர் போதுமா, இல்லை தொட்டிக்கு அடியில் சம்ப் (மேலிருந்து நீர் வடிந்து வந்து, வடிகட்டப்பட்டு, பம்ப் வழியே மேலே திரும்பும் திறந்த தொட்டி) கட்டலாமா? எதைப் போட்டால் தண்ணீர் மாற்றும் வேலை குறையும்?

தெளிநீர்:
கேனிஸ்டர் போதும். ஆனால் அளவைச் சரியாகப் பாருங்கள். 120 × 45 × 35 என்றால் 189 லிட்டர். அதற்காக "200 லிட்டர் தொட்டிக்கு" என்று போட்டதை வாங்கிவிடாதீர்கள். அது மீனுக்கான கணக்கு. ஆமை தின்பதும் கழிப்பதும் பல மடங்கு அதிகம், தின்னும்போதே பாதியைப் பிய்த்து உதறும். 500 லிட்டருக்கு மேல் போட்டதை எடுங்கள். இன்னொன்று: பெட்டியில் "மணிக்கு 1,200 லிட்டர்" என்று இருந்தால் அது உள்ளே எதுவும் வைக்காமல் அளந்த வேகம். ஸ்பாஞ்சும் பீங்கான் வளையமும் நிரப்பி, குழாய் வழியே மேலே ஏற்றும்போது வெகுவாகக் குறையும்.

அடுக்கும் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். பெரும்பாலான கேனிஸ்டரில் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும். அப்படியானால் கரடுமுரடான ஸ்பாஞ்சு அடித்தட்டில், அதற்கு மேல் மெல்லிய ஸ்பாஞ்சு, பீங்கான் வளையம் கடைசியாக. தலைகீழாக அடுக்கினால் சேறு நேராக வளையத்தில் போய் உட்காரும். நுண்துளைகள் அடைபட்டால், கழிவின் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவுக்கு இடம் ஏது?

ஆழிக்கரை:
மீன் தொட்டிக்கு என்றால் நானும் கேனிஸ்டரைத்தான் சொல்வேன். ஆமைத் தொட்டியில் விளிம்பிலிருந்து 10 செ.மீ. கீழே தண்ணீர் நிற்கிறது. உறிஞ்சும் குழாய் அவ்வளவு உயரம் காற்றில் ஏறி வளைந்து கீழே இறங்க வேண்டும். வாரம் பாதித் தண்ணீரை எடுக்கும்போது அந்த உயரம் இன்னும் கூடும், குழாயில் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். குழாயைப் பிடித்திருக்கும் ரப்பர் குமிழையும் ஆமை பிடுங்கிப் போடும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். கேனிஸ்டர் மூடிய டப்பா. ஓட்டம் நின்றதும் உள்ளே இருக்கும் ஆக்சிஜனை பாக்டீரியாவே தீர்த்துவிடும். சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் நீர் முழுவதும் தொட்டிக்குள் கொட்டும். சம்ப் திறந்த தொட்டி, இந்தச் சிக்கல் குறைவு. ஹீட்டரையும் சம்ப்பில் போட்டுவிடலாம். ஆமை மோதி உடைக்காது. நீர்மட்டமும் மாறாமல் நிற்பதால், வெயில் காயும் மேடை எப்போதும் ஒரே உயரத்தில் இருக்கும்.

தெளிநீர்:
மின்வெட்டு பற்றிச் சொன்னது சரி. நீண்ட நேரம் நின்றிருந்தால் கேனிஸ்டரைத் திறந்து பழைய நீரைக் கொட்டி, அலசிவிட்டுத்தான் இயக்க வேண்டும். ஆனால் அதே மின்வெட்டில் உங்கள் சம்ப் தரையை நனைக்குமே, அதைச் சொல்லவில்லையே?

கணக்கைப் பாருங்கள். மேல்தொட்டியில் 1 செ.மீ. உயரம் என்பது 5.4 லிட்டர். 60 × 30 × 30 செ.மீ. சம்ப்பில் 20 செ.மீ. தண்ணீர் இருந்தால் மிச்ச இடம் 18 லிட்டர்தான். மேலே திரும்பும் குழாயின் வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால், பம்ப் நின்றதும் அதே குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்படும்: 54 லிட்டர். 18 போக மீதி 36 லிட்டர் தரையில்.

ஆழிக்கரை:
குழாய் வாயை அவ்வளவு ஆழத்தில் வைத்தால் அப்படித்தான் ஆகும். வாயை நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே வையுங்கள். கூடவே, நீர்மட்டத்தை ஒட்டி அந்தக் குழாயில் 4 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மட்டம் சற்று இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்து உறிஞ்சல் அறும். இறங்கும் நீர் 10 லிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். துளையில் பாசி அடைக்கும் என்பதால் வாரம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிட வேண்டும். நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வை நம்ப வேண்டாம். ஒரு சிறு கல் சிக்கினாலே அது மூடாது.

நேர்மாறாக, வடிகுழாய் அடைபட்டால்? உரிந்த ஓட்டுச் செதிலும் இலையும் அடைக்கும், அதனால் வலைக்கூண்டு கட்டாயம். அடைத்தே போனாலும் சம்ப்பின் 36 லிட்டர் முழுவதும் மேலே ஏறினால் 7 செ.மீ.க்குள்தான் உயரும், மேலே 10 செ.மீ. காலி இருக்கிறது. பம்ப் வறண்டு ஓடும், தரை நனையாது.

வடிகுழாய்க்காகத் தொட்டியில் துளையிடும் முன் ஒன்று: டஃபன்ட் (சூடாக்கி வலுவேற்றிய) கண்ணாடி என்றால் கை வைக்காதீர்கள். முழுத் தகடும் நொறுங்கும்.

மண்வாசி:
இரண்டு பேரும் குழாயைப் பற்றியே பேசுகிறீர்கள். ஃபில்டர் பிடித்து வைத்த கழிவு தண்ணீரை விட்டு எங்கே போனது? அதே தண்ணீர்தான் அதன் மேல் திரும்பத் திரும்ப ஓடிக் கரைத்து வருகிறது. பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட் அங்கேயே நிற்கும். வாரம் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறுகிறது என்று வையுங்கள். வாராவாரம் கால் பங்கு மாற்றினால், நாளடைவில் மாற்றும் முன் 80-இல் போய் நிற்கும். பாதி மாற்றினால் 40. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் எண் 80. ஃபில்டர் போட்டால் வேலை குறையும் என்ற நம்பிக்கைதான் தப்பு. சின்னத் தொட்டி வைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழுத் தண்ணீரையும் கொட்டி மாற்றுவதே சுத்தம்.

தெளிநீர்:
நைட்ரேட் கணக்கில் எனக்கு மறுப்பே இல்லை, வாரம் பாதி மாற்றத்தான் வேண்டும். ஆனால் உங்கள் தீர்வு 5 செ.மீ. குஞ்சுக்கும், புண் ஆறும்வரை தனியே வைத்த ஆமைக்கும்தான் பொருந்தும். 14 செ.மீ. ஆமையைச் சின்னத் தொட்டியில் வைத்தால் முதல் நாள் மாலையே அம்மோனியா ஏறிவிடும். ஆமை நுரையீரலால் மூச்சு விடுவதால் மீன் மாதிரி உடனே சாகாது. அதனால்தான் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. கண் வீங்கி மூடிக்கொள்ளும், தோல் சிவக்கும், பிறகுதான் தெரியும். பெட்டை என்றால் ஓடு 25 செ.மீ. தாண்டும், அப்போது எந்தச் சின்னத் தொட்டி?

மண்வாசி:
அதுவரை இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். 25 செ.மீ. ஆமைக்கு 189 லிட்டரும் போதாது, அங்கே ஃபில்டர் இல்லாமல் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீர்ப்பூ:
பாதி மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஃபில்டர் ஓடவிட்டு எத்தனை நாளில் ஆமையை விடலாம்? தீனியைத் தனி வாளியில் போட வேண்டுமா?

தெளிநீர்:
பாக்டீரியா நிலைக்க 4 முதல் 8 வாரம் ஆகும். ஆமையை முன்பே விடலாம், ஆனால் அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சோதனைத் திரவத்தால் பாருங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் அன்றே பாதியை மாற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் பிழிந்தால் போதும். வளையத்தையும் ஸ்பாஞ்சையும் ஒரே நாளில் மாற்றவும் கூடாது. தனி வாளித் தீனி நல்லது, ஃபில்டரின் பாரம் நன்றாகக் குறையும்.

ஆழிக்கரை:
தனி வாளி வேண்டாம் என்பேன். தினமும் தூக்கி இறக்கினால் ஆமை மிரண்டு தின்னாது. கழிவை எப்படியும் தொட்டிக்குத் திரும்பிய பிறகுதான் போடும். தின்று முடித்த 15 நிமிடத்தில் மிச்சத்தைச் சிறு வலையால் அள்ளுங்கள். தரையில் பொடிக்கல் போடாதீர்கள். விழுங்கிக் குடல் அடைக்கும், இடுக்கில் கழிவும் தங்கும். வெறும் கண்ணாடி, இல்லையென்றால் ஆமையின் தலையைவிடப் பெரிய கூழாங்கல்.

நீர்ப்பூ:
துளை போடும் துணிச்சல் இல்லை. கேனிஸ்டர், உறிஞ்சும் வாயில் உருளை ஸ்பாஞ்சு.

ஆழிக்கரை:
சரி. அப்படியென்றால் அந்த உருளை ஸ்பாஞ்சை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பிழியுங்கள், கேனிஸ்டரைத் திறக்கும் இடைவெளி நீளும். ஹீட்டர் தொட்டிக்குள்தானே வரும், அதற்குப் பிளாஸ்டிக் கூடு மாட்டி 25 டிகிரியில் வையுங்கள். தண்ணீர் இறக்கும் முன் அதன் பிளக்கைப் பிடுங்குங்கள். காற்றில் சூடாகி விரிசல் விடும். உறிஞ்சு குழாயை வாயால் இழுத்துத் தொடங்கவே வேண்டாம், ஆமைத் தண்ணீரில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். மூடிக்குக் கண்ணாடி போட்டால் யு.வி.பி. (புற ஊதாக் கதிர்) விளக்கின் பயன் போய்விடும், கம்பி வலைதான்.

நிரப்புவதற்கு முன் ஸ்டாண்டைப் பாருங்கள். தண்ணீர் 189 கிலோ, கண்ணாடியும் மேடையும் கல்லும் சேர்ந்தால் 250-ஐத் தொடும். மூலைக்கு மூலை ரசமட்டம் வைத்து, 2 மி.மீ. சாய்ந்திருந்தாலும் இப்போதே காலுக்கு அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்யுங்கள். நிரப்பிய பிறகு அசைக்க முடியாது.