ராத்திரி மூன்று சப்பாத்தி தின்றால் தொப்பை இறங்குமாம்!

தராசுக்காரன்:
நம் மன்றத்தில் பக்கத்து விவாதத் திரியில் கோவை மணி அண்ணன் ஓர் அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் ராத்திரி சோற்றை விட்டுவிட்டு மூன்று சப்பாத்தி சாப்பிட்டால் போதுமாம். நடக்கக்கூட வேண்டாமாம், தொப்பை தானாக இறங்குமாம். அதற்குக் கீழே ஆளாளுக்கு "அருமை அண்ணா" வேறு. படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை.

நூறு கிராம் அரிசியை எடுங்கள், நூறு கிராம் கோதுமை மாவை எடுங்கள். இரண்டுமே 320-லிருந்து 360 கலோரிக்குள்தான் வரும். முப்பது கிராம் மாவில் ஒரு சப்பாத்தி என்றால் 100 கலோரி. கல்லில் போட்டு ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் இன்னொரு 45. மூன்று சப்பாத்திக்கு 400-ஐத் தாண்டிவிடும். ஒரு கப் சோறு 200 சொச்சம். அண்ணன் வந்து ஒன்றே ஒன்று சொல்லட்டும்: உங்கள் சப்பாத்தியில் மாவு எத்தனை கிராம்?

கோவை மணி:
கால்குலேட்டர் வந்துவிட்டது, எல்லோரும் எழுந்து நில்லுங்கள். ஒரு கப் சோறு என்கிறீர்களே, எந்த வீட்டில் சார் ஒரு கப்போடு எழுந்திருக்கிறார்கள்? சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. மூன்று கப் அங்கேயே போச்சு. சப்பாத்தி என்றால் தட்டில் எண்ணிக்கை தெரியும். போன தீபாவளிக்குத் தைத்த பேன்ட் எனக்கு இப்போது பெல்ட் இல்லாமல் நிற்கவில்லை. உங்கள் பேன்ட் எப்படி?

தராசுக்காரன்:
அப்படியானால் குறைத்தது அளவு, சப்பாத்தி இல்லை. ஒரே கரண்டி சோற்றோடு எழுந்திருந்தாலும் அதே பேன்ட் அதே மாதிரி நழுவியிருக்கும். கேட்டதற்குப் பதில் வரவில்லை. மாவு எத்தனை கிராம்?

பழையசோறு:
எங்கள் தாத்தா மூன்று வேளையும் சோறுதான். எண்பது வயதிலும் வயிறு ஒட்டித்தான் இருந்தது. சோற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற எல்லோருக்கும் இதுதான் என் பதில். தஞ்சாவூர்க்காரன் சோற்றை விட மாட்டான்.

நைட்ஷிஃப்ட் நளினி:
உங்கள் தாத்தா ஏர் ஓட்டினார். நீங்கள் எக்செல் ஓட்டுகிறீர்கள்.

பழையசோறு:
மேடம், என் தாத்தாவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? அவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா.

ஈரோட்டுத் தம்பி:
தராசு அண்ணே, கலோரி மட்டும்தானா சாப்பாடு? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணையைப் பாருங்கள். நூறு கிராம் முழுக் கோதுமை மாவில் நார்ச்சத்து 11 கிராம் சொச்சம், தீட்டிய வெள்ளரிசியில் 3 கிராம்கூட இல்லை. புரதமும் கோதுமையில்தான் கூட. மணி அண்ணன் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. பசி தாங்கும், பத்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறக்க மாட்டோம்.

தராசுக்காரன்:
தம்பி, அது சல்லடை போடாத முழு மாவுக்கான கணக்கு. உங்கள் அண்ணன் வாங்குவது என்ன மாவு என்று கேட்டீர்களா? எத்தனை கிராம் என்றே அவர் வாயைத் திறக்கவில்லை, நீங்கள் நாருக்குப் போய்விட்டீர்கள்.

கோவை மணி:
எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துச் சாப்பிட இது நகைக்கடை இல்லை. இவர் யார் என்று புதியவர்களுக்குத் தெரியாது. போன வருடம் கொள்ளு ரசம் திரியில் ஊர்ப்பட்ட பேரோடு சண்டை போட்டு ஒரு வாரம் தடை வாங்கியவர். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது என்று முப்பது பதிவு போட்டார்.

தராசுக்காரன்:
கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. இன்றும் சொல்கிறேன். தடை போட்டது உங்கள் சினேகிதர் மட்டுறுத்துநராக இருந்தபோது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஓரமாய் நிற்பவன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். முதலில் எதைக் குறைப்பது பற்றிப் பேசுகிறோம்? எடையா, இடுப்பா? ஆசியர்களுக்கு உடல் நிறை குறியீடு, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் BMI எண், 23-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. எடை சரியாக இருந்தும் தொப்பை இருப்பவர்கள் நம்மில் நிறைய. இதை முடிவு செய்துகொண்டு பேசினால் நன்றாக இருக்கும்.

பழையசோறு:
குமாஸ்தா என்றால் கேவலமா நளினி மேடம்? பதில் சொல்லவில்லை.

நைட்ஷிஃப்ட் நளினி:
கேவலம் என்று நான் எங்கே சொன்னேன்? விடுங்கள். எனக்கு வேறு சந்தேகம். ராத்திரி ராத்திரி என்கிறீர்களே, எனக்கு எது ராத்திரிச் சாப்பாடு? மாலையில் கேப் ஏறினால் விடிந்துதான் வீடு. நடுராத்திரி கேன்டீனில் இருப்பது பரோட்டாவும் முட்டை ஃப்ரைட் ரைஸும். சப்பாத்தி இருந்தாலும் அது குருமாவில் நீச்சலடிக்கும். சரி, கேட்கிறேன்: இந்த மூன்று சப்பாத்தி வைத்தியம் சொல்லும் ஆண்களில் எத்தனை பேர் தினமும் மாவு பிசைகிறீர்கள்?

கோவை மணி:
வீட்டு விஷயத்தை இங்கே இழுக்க வேண்டாம்.

தராசுக்காரன்:
ஆகா! இப்போது புரிகிறது எத்தனை கிராம் என்று ஏன் சொல்ல முடியவில்லை என்று. பிசைகிறவர்களைக் கேட்டு வந்து எழுதுங்கள் அண்ணா, காத்திருக்கிறேன். எண்ணெய் எத்தனை டீஸ்பூன் என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

நைட்ஷிஃப்ட் நளினி:
தராசு சார், நீங்கள் பிசைகிறீர்களா?

தராசுக்காரன்:
நான் சோறு சாப்பிடுகிறவன்.

நைட்ஷிஃப்ட் நளினி:
அதை வடிப்பது யார்?

தராசுக்காரன்:
குக்கர். திரி திசை மாறுகிறது.

சிங்கைவாசி:
சப்பாத்தியும் சோறும் இருக்கட்டும், உட்கார்ந்தே இருப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-ல் எழுதினார். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம், படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்குக் குறைவு. இங்கே சிங்கப்பூரில் 2015-லிருந்து அரசாங்கமே நடைப் போட்டி நடத்துகிறது. கடையில் தே ஓ கோசோங் என்று சொன்னால் பாலும் சர்க்கரையும் இல்லாத டீ வரும். அங்கே டீக்கடையில் "சர்க்கரை வேண்டாம்" என்றால் "சுகரா சார்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்கள்.

ஈரோட்டுத் தம்பி:
எங்கள் ஊர் கண்டக்டர் அண்ணன்களைப் பார்த்ததில்லையா? பாதிப் பேருக்குப் பை தொப்பை மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

சிங்கைவாசி:
உங்கள் பஸ்ஸில் மாடி இருக்கிறதா தம்பி?

பழையசோறு:
வந்துவிட்டது சிங்கப்பூர்ப் பெருமை. டீக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பாடம். மெட்ராசிலும் மாடி பஸ் ஓடியது சார். அப்புறம் தினமும் பத்தாயிரம் அடி எடுத்துவைத்து நடக்க வேண்டும் என்கிற கதையே ஜப்பானில் 1965-ல் அடி எண்ணும் கருவி விற்கக் கிளப்பிவிட்டது.

சிங்கைவாசி:
பத்தாயிரம் என்று நான் சொல்லவே இல்லை. வயதான அமெரிக்கப் பெண்களை வைத்து 2019-ல் வந்த ஆய்வில் நாளுக்கு 4,400 அடியிலேயே இறப்பு அபாயம் குறைந்தது தெரிந்தது. 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. இதுகூடச் சோம்பேறிகளுக்குக் கஷ்டம்தான்.

பழையசோறு:
யார் சோம்பேறி?

தராசுக்காரன்:
நடையைப் பற்றி நானே தனித் திரி போட்டிருக்கிறேன், யாரும் படிப்பதில்லை. அரை மணி நேரம் நடந்தால் 120, 150 கலோரி போகும். கீழே வந்து இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும் ஒரு சமோசாவும் உள்ளே தள்ளினால் போனதைவிட வந்தது அதிகம். ஒரு கிலோ கொழுப்பு என்பது 7,700 கலோரி. இந்த எண்ணை எழுதிச் சிஸ்டத்துக்கு மேல் ஒட்டுங்கள். அதனால்தான் கிராம் கேட்கிறேன். மணி அண்ணன் ஆன்லைனில் இருப்பது பச்சைப் புள்ளியில் தெரிகிறது.

கோவை மணி:
பச்சைப் புள்ளியையும் எடை போடுங்கள். எனக்குக் குறைந்தது, அவ்வளவுதான். கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

ஓரமாய் நிற்பவன்:
குறைந்தது எடையா, இடுப்பா அண்ணா?

கோவை மணி:
நீங்கள் எந்தக் கட்சி?

மட்டுறுத்துநர்:
தாத்தா, மாவு பிசைதல், சிங்கப்பூர் பற்றிய பதிவுகள் இனி நீக்கப்படும். தலைப்போடு ஒட்டிப் பேசவும்.

நைட்ஷிஃப்ட் நளினி:
சப்பாத்தித் திரியில் மாவு பிசைவது தலைப்புக்கு வெளியேவா? பேஷ்.

தராசுக்காரன்:
என் பதிவு ஒன்றைக் காணவில்லை. ஓட்ஸ் கஞ்சியில் எத்தனை கிராம் ஓட்ஸ் என்று விளக்கமாக எழுதியிருந்தேன். அது எந்த விதியை மீறியது? தனித் திரி போடுகிறேன், அங்கே வாருங்கள்.

ஈரோட்டுத் தம்பி:
அண்ணே, ஓட்ஸையாவது விட்டுவையுங்கள்.

பழையசோறு:
சிங்கைவாசி இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.