அத்தரின் மணம் அருகில் இருப்பவருக்கே தெரியும்

அத்தர் போன்ற செறிவு மிகுந்த வாசனை எண்ணெய்களைப் பல ஆண்டுகளாகப் பூசி வருகிறேன். அவற்றைப் பற்றி நான் தெரிந்துகொண்டவற்றில் பெரும்பகுதி என் மூக்கின் வழியாக வந்ததல்ல. பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதிலிருந்தும், சொல்லத் தயங்கி முகத்தில் மட்டும் காட்டியதிலிருந்தும் வந்தது. அப்படிப்பட்ட சில சந்திப்புகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நினைவுக்கு வருபவர், என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பர். ஸ்ப்ரேயை விட்டுவிட்டு எண்ணெய்க்கு மாறிய புதிதில், "பூசிய கொஞ்ச நேரத்திலேயே வாசனை போய்விடுகிறது" என்று குறைபட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ரோல்-ஆன் குப்பியை எடுத்துக் கழுத்தில் மறுபடி மறுபடி உருட்டிக்கொண்டே இருப்பார். அவருக்கு எதிரில் இருந்தவர்களோ நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஸ்ப்ரேயில் பெரும்பகுதி ஆல்கஹால்தான். ஸ்ப்ரேக்களில் செறிவு கூடிய ஓ டி பர்ஃபம் வகையில்கூட மணப்பொருள் பொதுவாக 15 முதல் 20 சதவீதம் வரைதான் இருக்கும். அந்த ஆல்கஹால் சட்டென்று ஆவியாகும்போது மணத்தையும் காற்றில் தூக்கிக்கொண்டு போவதால், பூசியவருக்கு முதல் நிமிடத்திலேயே ஒரு வீச்சு கிடைத்துவிடுகிறது. எண்ணெயில் அந்த வேகம் கிடையாது. தோலின் சூட்டில் அது மெல்ல எழுந்து, உடலை ஒட்டியே நிற்கும். இடைவிடாது ஒரே மணத்தை நுகரும் மூக்கு சில நிமிடங்களில் அதற்குப் பழகி, அதைக் கவனிப்பதையே விட்டுவிடும். இதை நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஒருநாள் மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு வெளியே போனவர், திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அப்படியே நின்று, "இது என் கோட்டா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் குப்பி பையிலிருந்து வெளியே வந்து நான் பார்க்கவில்லை.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. ஒரு வெண்கஸ்தூரி எண்ணெயைக் கையில் தடவி இருவரிடம் நீட்டினேன். ஒருவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு "போதும்" என்றார், மற்றவர் மூக்கை மணிக்கட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, "வெறும் எண்ணெய்தானே, இதில் என்ன இருக்கிறது?" என்றார். இருவர் சொன்னதும் உண்மையே. வெண்கஸ்தூரி என்று விற்கப்படுவது செயற்கைக் கஸ்தூரி மணம்தான். செயற்கைக் கஸ்தூரிகளில் பல, பெரிய மூலக்கூறுகளைக் கொண்டவை. மற்ற எல்லா மணங்களையும் நன்றாக உணரும் சிலருக்கு அவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் பிறவியிலேயே தெரியாது. ஆகவே கஸ்தூரி எண்ணெய்க்கு ஒருவர் எழுதும் மதிப்புரையை நம்பி வாங்குவதை நான் ஏற்பதில்லை.

அகில் எண்ணெயோடு நிகழ்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அகில் மரத்தின் நலமான கட்டையில் அந்த மணம் இருப்பதில்லை. மரம் காயப்பட்டுப் பூஞ்சை தொற்றும்போது, தன்னைக் காத்துக்கொள்ள அது சுரக்கும் பிசின்தான் கட்டையைக் கருமையாக்கி மணக்க வைக்கிறது. இதற்காகவே காடுகளில் மரங்கள் கண்மூடித்தனமாக வெட்டப்பட்டதால், 1995 முதல் அதன் முக்கிய இனம் ஒன்றின் பன்னாட்டு வணிகம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நான் அகில் எண்ணெயைப் பூசிய ஒரு காலையில், ஒரு கூட்டத்தில் பக்கத்தில் வந்து அமர்ந்தவர், சில நொடிகளில் எழுந்து இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தார். காரணம் எனக்குப் புரிந்தது, ஏனென்றால் பல அகில் எண்ணெய்களின் தொடக்கம் மாட்டுத்தொழுவத்தையும் ஈரத்தோலையும் நினைவூட்டும். மாலையில் கூட்டம் முடிந்து கிளம்பும்போது, அவரே அருகில் வந்து, என்ன வாசனை அது, எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். காலையில் அவரை விரட்டியதும் இதே எண்ணெய்தான் என்று சொன்னபோது, நான் கேலி செய்வதாகவே நினைத்தார். தொழுவ வாடை அடங்கியபின் எழும் இனிமையும் புகையும்தான் அகிலின் சாரம் என்பது என் முடிவு. கடையில் நின்றபடியே ஒரு முகர்வில் அதை வாங்குவதும் தள்ளுவதும் இரண்டுமே அவசரம்.

எண்ணெய்களைச் சேகரிக்கும் முதியவர் ஒருவர் எனக்கு வெட்டிவேர் எண்ணெயைக் காட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அது பச்சை நிறமாக இருந்தது. சாயமோ என்று நான் சந்தேகப்பட, வடித்த செம்புப் பாத்திரம் தந்த நிறம் அது என்று விளக்கினார். அத்தருக்குப் பெயர்பெற்ற உத்தரப் பிரதேச நகரமான கன்னோசியில் இன்றும் பூக்களையும் நீரையும் செம்புக் கொப்பரையில் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய் உள்ள கலத்துக்குள் செலுத்துகிறார்கள்; மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அந்தச் சந்தனம். அதே முறையில் சுட்ட மண்ணையும் வடிக்கிறார்கள். மழை மணத்தைப் பற்றி 1964இல் ஆய்வுக் கட்டுரை எழுதிய இரு ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள்கூட இந்த மண் அத்தரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். பெயர் சொல்லாமல் அதை உறவினர் ஒருவருக்கு முகரக் கொடுத்தேன். மழை என்று சொல்வார் என எதிர்பார்த்திருக்க, அவர் யோசிக்காமல் "புதுப் பானையில் தண்ணீர் ஊற்றிய வாசனை" என்றார். பெரிய ரசிகர்கள் எழுதும் வருணனைகளைவிட இது துல்லியம்.

கசப்பான அனுபவம் ஒன்றும் தெரியும். எனக்கு அறிமுகமான ஒரு பெண்மணி, வேறு எண்ணெய் கலந்து நீர்க்காத பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம் ஒன்று) எண்ணெயைக் கழுத்தில் தடவிக்கொண்டு வெயிலில் நடந்தார். வழிந்த வடிவத்திலேயே ஒரு கருங்கோடு விழுந்து, மறைய வெகுகாலம் ஆனது. அந்த எண்ணெயில் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். எந்தப் புது எண்ணெயானாலும் முழங்கையின் உட்புறத்தில் சிறு புள்ளி வைத்து, ஒருநாளாவது பார்த்துவிட்டுப் பூசுவதே முறை.

இப்போது நான் கண்ணாடிக் குச்சியின் நுனியால் மார்பில் ஒரு தொடுதல் மட்டும் வைத்துக்கொள்கிறேன். சிறிது நேரம் கழித்து, வீட்டில் இருப்பவரை எதிரே நிற்கச் சொல்லி, எத்தனை அடி தூரத்தில் தெரிகிறது என்று கேட்கிறேன். ஒரு கை நீளத்துக்கு அப்பாலும் தெரிகிறது என்றால், மணமற்ற எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறேன். வெறும் தண்ணீருக்கு அத்தர் அசைவதில்லை.